மொட்டை மாடி விதைக்காய்

மாதங்கியின் பல் ஆஸ்பத்திரிக்கு அன்று காலை வந்த முதல் ஆளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. மாதங்கிக்கு இது பழகிப்போன ஏமாற்றம். கே.கே. நகரில் பல்வலி வருகிறவர்கள் எல்லாம் இரண்டு தெரு தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். மண்டை குழம்பிப் போனவர்கள் மட்டும்தான் இவள் கதவைத் தட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் அவளுடைய மாமனார் அனந்தபத்மநாபன் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

அனந்தபத்மநாபன் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கடை எரிந்தால், அது தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வது அவர் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு சாம்பல் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் காணாமல் போன நாய், கோயில் வாசலில் மாறிப்போன செருப்பு என்று எதையாவது கொண்டுவந்து கொடுத்து அவரைச் சும்மா இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதற்கும் அவசரப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து மாதங்கி அவசரப்படுவாள்.

வந்த அம்மாளின் பெயர் சுபலட்சுமி. அடுத்த தெரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மகளோடு இருக்கிறவர். கணவர் தவறிய பிறகு உசிலம்பட்டிப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளின் பேங்க் வேலைக்காக மதுரைக்கு வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கத்திரிக்காய் காணாமப் போச்சுங்க சார்" என்றார்.

மாதங்கி சிரிப்பை அடக்க மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அனந்தபத்மநாபன் சிரிக்கவில்லை. "ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒத்தக் கத்திரிக்காயால எம்மக கல்யாணம் நின்னு போயிரும் போலிருக்கு."

மாதங்கி உடனே திரும்பி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுபலட்சுமி சொன்னதன் சாரம் இதுதான். மகள் தமிழ்வாணிக்கு மொட்டை மாடியில் கத்திரி வளர்ப்பது பைத்தியம். வெள்ளைக் கத்திரிப் பூவின் மகரந்தத்தை முள்ளுக் கத்திரிப் பூவில் தூரிகையால் தடவி, காய்த்ததில் நல்லதைப் பொறுக்கி, திரும்ப விதைத்து, இப்படியே வருஷக்கணக்காகப் பாடுபட்டு ஒரு புது ரகத்தை உண்டாக்கியிருந்தாள். கத்திரிக்காய்க்கு எண்ணெயைக் கண்டால் குடித்துத் தீர்க்கிற புத்தி உண்டல்லவா? இந்தக் காய் எண்ணெய் குடிக்காது. அதன் விதை ஒரே ஒரு காயில் இருந்தது. பறிக்காமல் செடியிலேயே பழுக்கவிட்டு, மஞ்சளாகிக் கனத்துத் தொங்கிய விதைக்காய் அது. போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்வாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் காய் இல்லை.

"வேற காய்ல வெதை எடுத்துக்கலாமே?" என்றாள் மாதங்கி.

"அதைத்தான் நானும் கேட்டேன். மத்த பூவுல எல்லாம் பக்கத்து வீட்டுக் கத்திரியில இருந்து வண்டு வந்து கலப்படம் பண்ணிருக்குமாம். இந்த ஒரு பூவுக்குத்தான் பை கட்டி மூடி வச்சாளாம். சரி, காய் போனாப் போகுது சார். மாப்பிள்ளைப் பையன் விக்ரம்கிட்ட மட்டுந்தான் அவ அந்தக் காயைக் காட்டியிருக்கா. அவர்தான் எடுத்துட்டாருன்னு சாதிக்கிறா. 'திருடனுக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்'னு ஒரே பிடியா நிக்கிறா. அந்தப் பையன் தங்கமான பையன் சார். அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு, எனக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தை மட்டும் எடுத்துருங்க."

"பையன் வீட்டில் என்ன சொன்னா?" என்று கேட்டார் அனந்தபத்மநாபன்.

சுபலட்சுமியின் முகம் இன்னும் வாடியது. "அதுவும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு கெடக்கு. அவங்க அம்மாவுக்கு எங்களைப் பிடிக்கலை போல. போயிட்டுச் சொல்றோம்னு போனவங்கதான், போனே இல்ல."

அனந்தபத்மநாபன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கத்திரிக்காய் தின்றால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும் என்று டாக்டர் தடை போட்டிருந்தார். அந்தத் தடையை நிறைவேற்றும் போலீஸ் வேலை மாதங்கியுடையது. "பார்க்கறதுக்குத் தடை இல்லையே" என்று மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் வாசல்படி இறங்கினார்.

மொட்டை மாடியில் தமிழ்வாணி அவர்களுக்காகக் காத்திருந்தாள். பேங்குக்கு லீவு போட்டிருந்தாள். அழுத கண்ணோடு இருப்பாள் என்று மாதங்கி நினைத்தாள். அவளோ கோபத்தில் இருந்தாள்.

"இதுதான் செடி. நீங்களே பாருங்க சார்."

இடுப்பளவு செடி. ஊதா வரியோடிய வெள்ளைக் காய்கள் ஏழெட்டு தொங்கின. மேல் கிளை ஒன்றில் வெட்டிய காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அனந்தபத்மநாபன் பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் காம்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாதங்கியிடம் கொடுத்தார்.

"என்ன தெரியறது?"

"ஒரு பக்கம் வழவழன்னு அறுந்திருக்கு. இன்னொரு பக்கம் நசுங்கி நார் நாரா இருக்கு, மாமா."

"நல்லது. ஏம்மா தமிழ்வாணி, நீ காய் பறிக்கிறது எதால?"

"கையாலதான் சார், திருகி எடுப்பேன். கத்தி, கத்திரி எதுவும் மாடிக்குக் கொண்டுவர மாட்டேன்."

மாதங்கி இதற்குள் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து வந்துவிட்டாள். காய்ந்துபோன வெற்றிலைக் காம்புகள் சில, ஒரு பழைய பூவாளி, யாரோ விட்டுப்போன துணிக் கிளிப். ஒன்றும் உபயோகமில்லை என்று முடிவு செய்தாள். அப்போதுதான் கீழ்க் கிளையில் பழுக்காத ஒரு காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருப்பது கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"விதைக்கு விட்டிருக்கேன், பறிக்காதீங்கன்னு அடையாளம். எங்க ஊர்ப் பக்கம் வழக்கம்" என்றாள் தமிழ்வாணி. "நான் அந்த மஞ்சக் காயிலதான் கட்டியிருந்தேன். எடுத்தவங்க அவுத்து இதுல கட்டிட்டுப் போயிருக்காங்க. எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க!"

"நம்மை ஏமாத்த!" என்றாள் மாதங்கி. "காய் அங்கேயேதான் இருக்குன்னு நினைக்கட்டும்னு."

"மஞ்சள் காய் இருந்த இடத்தில் பழுக்காத காய்க்கு நூல் கட்டினால் யார் ஏமாறுவா, மாதங்கி?" என்றார் அனந்தபத்மநாபன் மெதுவாக. "சின்னக் குழந்தைகூட ஏமாறாது."

மாதங்கிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டம் தெரிந்தது. அதன் சொந்தக்காரர் அஸ்வத் அங்கேதான் நின்று, தண்ணீர் ஊற்றுவதுபோலப் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலனி மாடித்தோட்டப் போட்டியில் போன வருஷம் தமிழ்வாணியிடம் தோற்றவர். அவர் கையில் புத்தம் புதிதாக ஒரு செடி வெட்டும் கத்திரி மின்னியது. மாதங்கி மாமனாரின் முழங்கையை இடித்தாள்.

"சார், அந்தக் கத்திரியைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டார் அனந்தபத்மநாபன்.

அஸ்வத் கொதித்துவிட்டார். "என் மேல சந்தேகமா? எனக்கு எதுக்கு அவங்க காய்? என்கிட்ட இருக்கிற கத்திரிக்காயையே தின்ன ஆளில்லை!" சொல்லிக்கொண்டே தன் செடியிலிருந்து ஒரு காயை வெட்டி, சாட்சிக்கு நீட்டினார். காயில் புழு ஓட்டை போட்டிருந்தது. அனந்தபத்மநாபன் காயைப் பார்க்காமல் காம்பைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சீராக அறுந்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்கோ. உங்க கத்திரி ரொம்பக் கூர்மை" என்று கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார்.

கீழே ஹாலில் காபி வந்தது. பெண் பார்த்த அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார் அனந்தபத்மநாபன். சுபலட்சுமிக்கு மனத்தாங்கல் நிறைய இருந்ததால் ஒன்றும் விடவில்லை.

வந்தவர்கள் மாப்பிள்ளை விக்ரம், அவருடைய அம்மா முத்துச்செல்வி, கூட வந்த தரகர் மொக்கையன். செக்கானூரணியைத் தாண்டி ஊர். தோட்டம் துரவு உண்டு. விக்ரம் காளவாசலில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். பஜ்ஜி, சொஜ்ஜி கொடுத்தார்கள். வாழைக்காய்க்குப் பதில் தமிழ்வாணி தன் கத்திரிக்காயில் பஜ்ஜி போட்டிருந்தாள். முத்துச்செல்வி ஒரு பஜ்ஜியைத் தின்றார். இரண்டாவதைப் பிய்த்து, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, தட்டிலேயே வைத்துவிட்டார்.

"புழு இருக்கான்னு பாக்குற மாதிரி! என் மனசே விட்டுப் போச்சு சார். அப்புறம் தண்ணி கேட்டு அடுப்படிக்கு வந்தவங்க, டப்பா டப்பாவா திறந்து பாத்தாங்க. 'முழுப் பயறு, மொச்சை எதுவும் இல்லையா?'ன்னாங்க. நாங்க பாக்கெட்டுல வாங்குற உடைச்ச பருப்புதான வச்சிருக்கோம். ஒண்ணுமில்லாத வீடுன்னு நெனச்சிருப்பாங்க."

"அப்புறம்?"

"பையனும் இவளும் மாடிக்குப் போய்ப் பேசிட்டு வந்தாங்க. நான் தேங்காய், வெத்தலை பாக்கு வச்சு மஞ்சப்பை குடுத்தேன். பையனும் தரகரும் கார் எடுக்கக் கீழ போயிட்டாங்க. அந்தம்மா 'கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாரேன்'னு பையோட மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தாங்க. போறப்ப ஒரே வார்த்தைதான். 'சாமிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றோம்.' வேணாங்கிறதை இப்படித்தான சொல்லுவாங்க?"

"விக்ரம் என்ன உடுத்திண்டிருந்தார்?"

"இறுக்கமா ஒரு ஜீன்ஸு, சட்டை" என்றாள் தமிழ்வாணி வேண்டாவெறுப்பாக. "கையில கார் சாவி மட்டும். ஆனா அவர்கிட்ட மட்டுந்தான் சார் காயைக் காட்டினேன். 'இதை யாராவது தூக்கிட்டுப் போயிரப் போறாங்க, பாத்துக்கங்க'ன்னு சிரிச்சாரு. நானும் லூசு மாதிரி சிரிச்சேன்." கடைசி வார்த்தையில் குரல் கம்மியது. கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மாதங்கிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று எடுத்த போட்டோக்களைத் தமிழ்வாணி காட்டினாள். கடைசிப் படத்தில் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். முத்துச்செல்வி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"பாருங்க சார், ஒரு சிரிப்பு உண்டா?" என்றார் சுபலட்சுமி.

மாதங்கி படத்தைப் பெரிதாக்கினாள். பல் சம்பந்தப்பட்ட காரியம் வந்துவிட்டதில் அவளுக்கு ஒரே உற்சாகம். "இவங்க கோபமா இல்லைங்க. இடது கன்னம் மட்டும் உப்பியிருக்கு பாருங்கோ. பல் வீக்கம்னா தாடைக்குக் கீழே வரும். இது மேலே உருண்டையா இருக்கு. வாய் நிறைய வெத்தலையை அடக்கிண்டு நிக்கறா. வாயைத் திறந்தா எச்சில் வழியுமே, எப்படிச் சிரிப்பா?"

"பலே!" என்றார் அனந்தபத்மநாபன். மருமகளை அவர் இப்படிப் பாராட்டுவது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். மாதங்கி பூரித்துப்போனாள். ஆனால் தான் எதைக் கண்டுபிடித்தோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சுபலட்சுமியின் போன் அடித்தது. தரகர் மொக்கையன். சுபலட்சுமி ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, மனசத் தேத்திக்கங்க. முத்துச்செல்வி ஆத்தா இப்பத்தான் பேசுச்சு. சாமி உத்தரவு குடுக்கலையாம். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, இல்லேன்னா வேற எடம் பாக்கச் சொல்லிருச்சு. அழுகுதுக்கா அந்தாத்தா. எனக்கு ஒண்ணும் வெளங்கலை."

சுபலட்சுமி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தமிழ்வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு" என்றாள். நிஜமாகவே நல்லதாகப் போயிருந்தால் குரல் அப்படிக் கம்மியிருக்காது.

அனந்தபத்மநாபன் மட்டும் காபி டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். "தமிழ்வாணி, ஒரு விஷயம் சொல்லு. பழுத்த கத்திரிக்காயிலேர்ந்து இன்னிக்கு விதை எடுத்து, இன்னிக்கே விதைச்சா என்னிக்கு முளைக்கும்?"

"உடனே முளைக்காது சார். எடுத்த புதுசுல விதை உறக்கத்துல இருக்கும். காய வச்சு ஒண்ணு ரெண்டு மாசம் சும்மா போட்டு வச்சாத்தான் ஒழுங்கா முளைக்கும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"எங்க தெரியுது? இப்பல்லாம் எல்லாரும் நர்சரியில நாத்துதான் வாங்கி நடுறாங்க. விதையை யாரு கண்ணால பாக்குறா?"

அனந்தபத்மநாபன் எழுந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மாமனார் அவசரப்படுவதை மாதங்கி பார்த்தாள். "மாதங்கி, காரை எடு. எல்லாரும் கிளம்புங்கோ. சாயங்காலத்துக்குள்ளே செக்கானூரணி போகணும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க அழையாம மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கிறதா? ஊரு என்ன சார் பேசும்?" என்று சுபலட்சுமி பதறினார்.

"களவு போன பொருளை வாங்கப் போறோம். அதுக்கு அழைப்பு எதுக்கு?"

காளவாசல் சிக்னலில் கார் நின்றபோது மாதங்கியால் பொறுக்க முடியவில்லை. "விக்ரம்தானே மாமா? ராத்திரி திரும்பி வந்து எடுத்திருப்பார்." அனந்தபத்மநாபன் பச்சை விளக்கைச் சுட்டிக்காட்டினார். பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடிக்க, மாதங்கி கடுப்போடு கியரைப் போட்டாள்.

முத்துச்செல்வியின் வீடு சாலையோரத்துத் தோட்டத்துக்குள் இருந்தது. கார் சத்தம் கேட்டு விக்ரம் வெளியே வந்தார். தமிழ்வாணியைக் கண்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் முறைத்ததும் வந்த வேகத்தில் அது போய்விட்டது. முத்துச்செல்வி பின்னாலேயே வந்து, "யாத்தே!" என்று வாயில் கை வைத்தார். கண் சிவந்திருந்தது. இருந்தாலும் வந்தவர்களை வாங்க என்று சொல்லி, முற்றத்தில் நாற்காலி போட்டு, மோர் கொண்டுவரச் செய்தார். உள் அறைக் கதவை மட்டும் இழுத்துச் சாத்தினார். "உள்ள சாமி காரியம் நடக்குது. தப்பா நெனைக்காதீங்க."

"நாங்களும் அந்தச் சாமி காரியமாத்தான் வந்திருக்கோம்மா" என்றார் அனந்தபத்மநாபன். மோரைக் குடித்து முடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"தமிழ்வாணி வீட்டில் ஒரு விதைக்காய் காணாமப் போயிடுத்து. எடுத்தவா யாருன்னு அந்தச் செடியே சொல்லித்து. நூலை அவிழ்த்து இன்னொரு காய்க்குக் கட்டியிருந்தது இல்லையா? அது ஏமாத்தறதுக்காக இல்லை. ஒரு விதைக்காயை எடுத்தா, வீட்டுக்காரிக்கு அடுத்த காயை விட்டுவைக்கணும்னு நினைக்கிற மனசு அது. விவசாயக் குடும்பத்து மனசு. அஸ்வத் சாருக்கு அது வராது."

"அப்போ நாந்தான்னு சொல்றீங்களா?" என்றார் விக்ரம் திகைத்துப்போய்.

"அன்னிக்குப் போட்டிருந்த ஜீன்ஸில் ஒரு சாத்துக்குடி அளவு கத்திரிக்காயை எங்கே ஒளிப்பீங்க? கையில் சாவியோடு எல்லார் கண்ணெதிரே கீழே போனீங்க. அதோட, காம்பு ஒரு பக்கம் அறுந்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கத்தியா இருந்தா ரெண்டு பக்கமும் அறுக்கும். அஸ்வத் சார் கத்திரியும் அப்படித்தான் அறுத்தது. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மொட்டையா இருக்கிற ஆயுதம் ஒண்ணுதான் நம்ம வீடுகள்ல உண்டு. பாக்குவெட்டி. பெண் பார்க்கப் போற இடத்துக்கு யார் அதை இடுப்பில் செருகிண்டு போவா? வெத்தலை போடறவா. செடிக்குப் பக்கத்தில் வெத்தலைக் காம்பு கிள்ளிப் போட்டிருந்தது."

மாதங்கி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் காம்புகளைக் காலால் ஒதுக்கித் தள்ளியவளே அவள்தான்.

"வாசலில் நின்ன போட்டோவில் யார் கன்னத்தில் வெத்தலை இருந்ததுன்னு என் மருமகள் கண்டுபிடிச்சா. அந்த அம்மா கையில் மஞ்சப்பை இருந்தது. தேங்காயோட ஒரு கத்திரிக்காய் இருந்தா பை கனம் யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் முத்துச்செல்வியைப் பார்த்தார்கள். அவர் விறைப்பாக நின்றார். விக்ரம் மட்டும், "அம்மா, நீயா?" என்றார் மெதுவாக.

"திருடறவா அடுப்படி டப்பாவைத் திறந்து பயறு தேட மாட்டா" என்று தொடர்ந்தார் அனந்தபத்மநாபன். "முழுப் பயறு முளைக்கும். உடைச்ச பருப்பு முளைக்காது. அந்த அம்மா தேடினது பணக்காரத்தனத்தை இல்லை, முளைக்கிற எதையாவது. பஜ்ஜியைப் பிய்ச்சுப் பார்த்தது காய்க்குள்ளே விதை எப்படி இருக்குன்னு பார்க்க. கடைசியில் சாமிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றோம்னு சொன்னா. முளைப்பாரி போடற ஊரில் சாமிகிட்டக் கேக்கறது வேற எப்படி?"

முத்துச்செல்வியின் விறைப்பு உடைந்தது. "நான் திருடலைய்யா!" என்றார். "எங்க பங்காளி வீட்டு வழக்கம். பொண்ணு வீட்டுல இருந்து ஒரு கை வெதைய, பொண்ணுக்குத் தெரியாம எடுத்து வந்து சாமி முன்னாடி போடணும். மொளச்சா அந்தப் புள்ள இந்த வீட்ல தழைக்கும். கேட்டு வாங்குனா குறி பலிக்காது. என்னையக் கட்டிக்கிட்டு வந்தப்ப எங்க வீட்டு மொச்சைய எடுத்தாங்க, மூணாம் நாளே மொளச்சுச்சு. இவங்க வீட்ல ஒரு முழுப் பயறு கெடயாது. நான் என்ன பண்ணுவேன்? மாடியில போய்ப் பாத்தா மகராசி வெதைக்காய் விட்டு வச்சிருக்கா. அன்னைக்கே எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. எண்ணெய் குடிக்காத கத்திரிக்காய உண்டாக்கியிருக்காளே, இவள விட்டா வேற எவ வேணும் எம்மகனுக்குன்னு ஆசை ஆசையா வந்து போட்டேன். ஒண்ணுகூட மொளைக்கலையே! பொழுதன்னைக்கும் சட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து கெடக்கேன். சாமி வேணாங்குதே!"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள் அறைக் கதவைத் திறந்தார். சாமி படங்களுக்கு அடியில், இருட்டு மூலையில் ஒரு மண் சட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு துணியில், சாம்பலில் புரட்டிய விதைகள் பத்திரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சட்டியில் போட்டது ஒரு சிட்டிகைதான்.

தமிழ்வாணி அந்தத் துணியைத்தான் முதலில் பார்த்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, விதைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. திருடன், கழுத்து, பிடிவாதம் எல்லாம் எங்கோ போய்விட்டன. அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"சாமி வேணாம்னு சொல்லலை அத்தை. விதை தூங்குது."

"என்னாது?"

"புதுசா எடுத்த கத்திரி விதை உடனே முளைக்காது அத்தை. ரெண்டு மாசம் உறங்கணும். நீங்க கேட்ட கேள்வி சாமிக்கு இன்னும் போய்ச் சேரவே இல்ல."

"ரெண்டு மாசமா?" என்றார் விக்ரம். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைக் கேட்டு மாதங்கி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தமிழ்வாணி அவரைக் கவனிக்கவில்லை. சட்டியைத் தூக்கி மண்ணை மோந்து பார்த்தாள். "ஐயையோ, எம்புட்டுத் தண்ணி ஊத்தியிருக்கீங்க! அழுகிரும். இருட்டுலயும் வைக்கக் கூடாது. இங்க வெயில் எந்தப் பக்கம் வரும்?" கேட்டுக்கொண்டே சட்டியோடு எழுந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் கொல்லைப்புறக் கதவைத் திறந்து, துளசிமாடத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நனைத்துப் பிழிந்து சட்டியின் மேல் போட்டாள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் இதுல தண்ணி ஊத்தப்படாது" என்று பொதுவாக அதட்டினாள். முத்துச்செல்வியை அந்த வீட்டில் யாரும் இதுவரை அதட்டியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

முத்துச்செல்வி கதவில் சாய்ந்து நின்று அவளையே பார்த்தார். கண்ணில் நீர் வழிய, வெற்றிலைக் கறை படிந்த பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முன் பல் ஒன்று ஆடுவதை மாதங்கி கவனித்துக்கொண்டாள். தொழில் நிமித்தமாக அதைச் சொல்ல இது சமயமில்லை என்று பேசாமல் இருந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு அப்புறம் மொளைக்கலைன்னா என்னம்மா பண்ணுவ?" என்று விக்ரம் பயந்துகொண்டே கேட்டார்.

"அட போடா. எங்க வீட்டுச் சட்டிய எடுத்துக்கிட்டு என்னையவே வெரட்டுறா! இதுக்கு மேல சாமி வாயத் தொறந்து வேற சொல்லணுமாக்கும்!"

முத்துச்செல்வி இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தரகருக்கு அடித்தார். மறுமுனையில் மொக்கையன் ஆறுதல் சொல்லத் தொடங்கினார் போலிருக்கிறது. முத்துச்செல்வி அவரைப் பேசவிடவில்லை.

"ஏய் மொக்கையா, ஒன் ஆறுதல நிப்பாட்டு. எந்த முகூர்த்தத்துக்கு மண்டபம் காலியா இருக்குன்னு கேட்டுட்டு வா."